ஒழுகும் எண்ணெயும் ஒளிந்திருக்கும் காற்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துலா மிதித்து நீர் இறைத்த காலம் மறைந்து, மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இறைப்பு இயந்திரங்கள் தோட்டந்தோறும் வந்து பல ஆண்டுகளாயின. வெங்காயப் பாத்திகளினூடே அவ்வியந்திரங்களின் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஓசை சற்றே மாறினாலும் "ஏதோ பிழை" என்பது உடனே விளங்கிவிடும். செவியாற் பெறும் இவ்வறிவை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. இன்று நாம் கூறப்போகும் சிறிய பொருளுக்கும் அவ்வறிவே பெரிதும் வேண்டியதாயிருக்கின்றது.

அப்பொருள், வானொலி அலையால் தூரத்திலிருந்து ஓட்டப்படும் சிறு பாரவண்டி ஒன்றின் இயந்திரமாகும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருந்திருவிழா நடைபெறும் இருபத்தைந்து நாள்களிலும் வீதியோரக் கடைகளிற் சிறுவர் வாங்கும் விளையாட்டு வண்டிகள் பெரும்பாலும் மின்கலத்தினால் ஓடுவன. நாம் கூறுவது அவற்றை அன்று. திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் மாமன்மாரும் சித்தப்பாமாரும் மருமக்களுக்கென்று சுமந்து வருகின்ற பெரிய வண்டிகளைக் கூறுகின்றோம். உண்மையான பாரவண்டியின் ஐந்திலொரு பங்கு அளவினதாய், பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையதாய், பெற்றோலிலே உறுமிக்கொண்டு ஓடும் இவற்றை விளையாட்டுப் பொருள் என்று சொல்ல நமக்குச் சிறிது கூச்சமாயிருக்கின்றது. தூரத்திலிருந்து வானொலி அலையால் ஒரு கலத்தை நடத்தலாம் என்பதை நிக்கொலா தெஸ்லா 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்திலே சிறு படகொன்றைக் கொண்டு காட்டியபோது, கண்டோர் வியப்பின் எல்லையை அடைந்தனர். இன்றோ அந்த வியப்பு பத்து வயதுப் பிள்ளையின் கைக்குள் அடங்கிவிட்டது.

வியப்புத் தீர்ந்த சில கிழமைகளில் வீட்டார் காண்பது வேறொன்று. வண்டியை நிறுத்திய இடத்திலே சீமெந்துத் தரையிற் கறுத்த எண்ணெய் வட்டம். அடிப்பலகை முழுவதும் பிசுபிசுப்பு. "இயந்திரம் வெடித்துவிட்டது; இதற்கு உதிரிப்பாகம் இங்கே எங்கே கிடைக்கும்?" என்று தந்தையார் வண்டியைப் பரணில் ஏற்றிவிடுகின்றார். பிள்ளையின் முகம் வாடுகின்றது. நாம் அறிந்த இரண்டு மூன்று வீடுகளில் இதுவே நடந்தது. ஆயின், பரணில் ஏறிய அவ்வண்டிகளுள் வெடித்த இயந்திரம் ஒன்றேனும் இருந்ததில்லை.

இவ்விடத்தில் இயந்திரங்களின் இரு சாதிகளைப் பிரித்தறிதல் அவசியமாகின்றது. மோட்டார் வண்டியிலும், இறைப்பு இயந்திரங்கள் மிகப் பலவற்றிலும், எண்ணெய் தனியாக ஓர் அடித்தொட்டியிலே தங்கியிருக்கும். எரிபொருளோடு அது கலப்பதில்லை. எனவே அங்கே ஒரு துளி வெளியே வந்தாலும் அது குறைபாடே; தொட்டியில் அளவு குறையும்; குறைந்தால் இயந்திரம் கெடும். இதற்கு ஒரு விசித்திரமான புறநடையையும் நம் நாட்டவர் கண்டிருக்கின்றனர். 1990களின் முற்பகுதியிற் பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிற் பெற்றோல் அருமையானபோது, பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களைச் சில துளி பெற்றோலினாற் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் அல்லரோ? அப்பொழுது எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து அடித்தொட்டிக்குள் இறங்கும். அளவுகோலிற் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். கூடுகின்றதே என்று மகிழ்ந்தவன் இயந்திரத்தை இழந்தான். விரலிலே தொட்டு, அதன் ஐதான தன்மையையும் மணத்தையும் கண்டு எண்ணெயை மாற்றியவன் காப்பாற்றினான்.

சிறு பாரவண்டியின் இயந்திரமோ மற்றச் சாதி. அஃது இரண்டடி இயந்திரம். அதற்கு எண்ணெய்த் தொட்டி என ஒன்றில்லை. பெற்றோலோடு சேர்த்தே எண்ணெயை ஊற்றுகின்றோம். வழக்கமான அளவு 25 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். அவ்வெண்ணெய் உள்ளே சென்று பாகங்களை நனைத்துவிட்டு, ஒரு பகுதி எரிந்தும் ஒரு பகுதி எரியாமலும் புகையோடு வெளியே போய்விடும். ஆகவே சைலன்சரின் வாயில் எண்ணெய் துளிர்ப்பது நோயன்று. அது மூச்சு விடுகின்றவனின் வியர்வை போன்றது. நாள் முழுவதும் ஓடியும் அவ்விடம் உலர்ந்து கிடக்குமாயின், எண்ணெய் கலக்கப்பட்டதா என்றே நாம் முதலிற் சந்தேகித்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் ஒழுக்கு என்பது இவ்வியந்திரத்தில் ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அதனால் வரும் கேடும் பெரிது. அக்கேட்டை உணர்வதற்கு, இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வாழ்ந்த யோசப் டே என்னும் பொறியியலாளர் 1891ஆம் ஆண்டிற் கண்ட உபாயத்தை அறிதல் நன்று. இரண்டடி இயந்திரம் அவருக்கு முன்னரே இருந்தது. ஆயின் காற்றையும் எரிபொருளையும் சிலிண்டருக்குள் தள்ளுவதற்குத் தனியான பம்ப் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. டே அவர்கள் அப்பம்பை நீக்கி, பிஸ்ரனின் கீழே சுழல்தண்டு சுழலுகின்ற கீழறையையே பம்பாக்கிவிட்டார். பிஸ்ரன் மேலேறும்போது கீழறையில் வெற்றிடம் உண்டாகிக் காபரேற்றரின் வழியாகக் கலவையை உறிஞ்சுகின்றது; கீழிறங்கும்போது அக்கலவையை அமுக்கிச் சிலிண்டருக்கு அனுப்புகின்றது. மார்பு விரிந்தும் சுருங்கியும் மூச்சு வாங்குவதைப் போல என்று சொல்லலாம். நிமிடத்துக்கு 18,000 முறை சுழலும் இயந்திரம் ஒரு விநாடிக்கு 300 மூச்சு வாங்குகின்றது!

இனி, அந்தக் கீழறையில் ஊசி முனையளவு துவாரம் இருப்பதாகக் கொள்வோம். அமுக்கும்போது அதன் வழியே சிறிது எண்ணெய் வெளியே கசியும். அது நம் கண்ணுக்குத் தெரிகின்றது. உறிஞ்சும்போதோ அதே வழியாற் காற்று உள்ளே நுழைகின்றது. அது தெரிவதில்லை. வெளியே போன எண்ணெய் ஒரு துளி, அதனால் நட்டமொன்றுமில்லை. உள்ளே போன காற்றே கொலைகாரன். காபரேற்றர் அளந்து கொடுத்த கலவையில் அளவறியாத காற்று சேர்ந்தவுடன் பெற்றோல் ஐதாகின்றது. பெற்றோலோடுதானே எண்ணெயும் வருகின்றது? எனவே இயந்திரம் ஒரே நேரத்திற் பசியாலும் வறட்சியாலும் வாடி, வெப்பம் மிகுந்து, ஈற்றிற் பிஸ்ரன் சிலிண்டரிலே உராய்ந்து இறுகிவிடும். தரையிற் கிடக்கும் எண்ணெய் வட்டம் குற்றவாளியன்று, சாட்சி என்று நாம் சொல்வது இதனாலேதான்.

காற்று நுழையும் இயந்திரத்தைச் செவியே முதலிற் கண்டுபிடிக்கும். விசையை விட்ட பின்பும் ஓசை தாழாமல் உயர்ந்தே நிற்கும். அல்லது ஏறியும் இறங்கியும் தள்ளாடும். காலையிற் சரிசெய்த காபரேற்றர் திருகு மாலையிற் பொருந்தாது. இந்நிலையிற் பெரும்பாலோர் செய்வது அத்திருகை மேலும் மேலும் திருப்புவதே. ஓட்டைப் பானையில் நீர் நிற்கவில்லையென்று மேலும் நீர் ஊற்றுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? ஒழுக்கைக் காணும்வரை திருகைத் தொடாதிருப்பது உத்தமம்.

அடுத்து, கண்ட எண்ணெய் எவ்வெண்ணெய் என்று அறிய வேண்டும். இவ்வண்டியில் எண்ணெய் உள்ள இடம் இயந்திரம் ஒன்று மாத்திரமன்று. நான்கு சில்லுகளின் அருகிலுமுள்ள அதிர்வு தாங்கிகளில் நிறமும் மணமும் இல்லாத சிலிக்கன் எண்ணெய் இருக்கின்றது. கியர்ப்பெட்டிகளிற் கிறீஸ் இருக்கின்றது. சில்லின் பக்கத்தில் தெளிந்த ஈரத்தைக் கண்டு இயந்திரத்தைக் கழற்றுவது வீண் வேலை. இயந்திரத்திலிருந்து வருவதிலும் இரு வகையுண்டு. கரி கலந்து கறுத்துத் தடித்திருப்பது புகைவழியிலிருந்து வந்தது. சிலிண்டருக்கும் சைலன்சருக்கும் இடையேயுள்ள பக்கிங் கிழிந்திருக்கும், அல்லது ஆணிகள் அதிர்ச்சியினால் நெகிழ்ந்திருக்கும். இஃது அழுக்கேயன்றி ஆபத்து மிகுதியும் இல்லை. மற்றது, கரியில்லாமல், ஊற்றிய எண்ணெயின் சொந்த நிறத்தோடு பெற்றோல் மணம் வீசிக்கொண்டிருப்பது. இது எரிவதற்கு முன்பே வெளியேறியது. ஆகையாற் கீழறையிலிருந்தோ காபரேற்றர்ப் பக்கத்திலிருந்தோ வந்தது. இதைக் கண்டால் வண்டியை ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். வெள்ளைத் துணியொன்றால் ஒற்றிப் பார்த்தால் இவ்விரண்டும் ஐயமின்றிப் பிரியும். இவ்வளவு எளிய பரிசோதனையை விடுத்து ஆணிகளை எல்லாம் கழற்றத் தொடங்குவோரைக் காணும்போது நமக்கு இரக்கமே உண்டாகின்றது.

எண்ணெய் எங்கே சேர்ந்திருக்கின்றதோ அங்கேயே ஒழுக்கும் உண்டு என நினைத்தல் மற்றொரு மயக்கம். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறியின் காற்று அதனைப் பல பக்கங்களிலும் சிதறும். புழுதி அதன்மேல் ஒட்டி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கும். ஆதலின், கீழே ஒரு தட்டை வைத்து, தூரிகையும் சிறிது மண்ணெண்ணெயும் கொண்டு இயந்திரத்தின் வெளிப்புறத்தை முற்றாகக் கழுவித் துடைத்து, வெளியிடத்திலே நன்றாக உலரவிடுக. உலர்ந்த பின் முகப் பவுடரை ஐதாகத் தூவுக. பின்பு இரண்டொரு நிமிடம் மாத்திரம் ஓட்டி நிறுத்துக. வெண்மையின் நடுவிலே ஈரக்கோடொன்று தோன்றும். அதன் கீழ் முனையைப் பார்த்துப் பயனில்லை. மேல் முனையைத் தேடுக. கோடு எங்கே பிறக்கின்றதோ அங்கேதான் வாசல்.

பிறக்கக்கூடிய இடங்கள் பலவல்ல. காபரேற்றரையும் சிலிண்டரையும் இணைக்கும் கட்டை. அதன் இருபுறத்துப் பக்கிங்குகள். கீழறையின் இரு பாதிகளும் பொருந்துகின்ற விளிம்பு. சுழல்தண்டு வெளியே வரும் இரண்டு வாய்களிலுமுள்ள றப்பர் ஒயில் சீல்கள். இவற்றுள் மிக மறைவானவை சீல்கள். ஒன்று பாரச் சில்லின் பின்னாலும் மற்றது கிளச்சின் பின்னாலும் ஒளிந்திருக்கின்றன. கிளச்சின் உட்புறம் எண்ணெயால் நனைந்து, இயந்திரம் உறுமியும் வண்டி நகராமல் வழுக்குமானால், அப்பக்கத்துச் சீலைக் குறித்து ஐயுறுவது நியாயமே.

நாம் நேரிற் பார்த்த வண்டியொன்றைப் பற்றி இங்கே சொல்லலாம். இரண்டு ஆண்டு பெட்டிக்குள்ளே கிடந்து பின் எடுக்கப்பட்டது அது. அடியெங்கும் கறுப்பு எண்ணெய். வீட்டார் கீழறையே வெடித்துவிட்டதென முடிவுகட்டிப் புது இயந்திரத்துக்குக் கனடாவுக்கு எழுதவும் ஆயத்தமாயிருந்தனர். பத்தாம் வகுப்பிற் படிக்கும் அவ்வீட்டு மாணவன் கழுவிப் பவுடர் தூவிப் பார்த்தான். கறுப்பெல்லாம் சைலன்சரின் நெகிழ்ந்த இரண்டு ஆணிகளிலிருந்து வந்தது. அவற்றை இறுக்கியதும் நின்றது. ஆயின் கிளச்சின் பக்கத்தில், மயிரிழை போன்ற ஒரு நீலக்கோடு மெல்லத் தோன்றிற்று. ஊற்றிய எண்ணெயின் நிறம் நீலம். அனைவரும் அஞ்சிய பெருங்கறுப்பு ஒன்றுமில்லாததாய் முடிய, எவருடைய கண்ணிலும் படாத அந்த நீலமே உண்மையான ஒழுக்காயிருந்தது.

உறுதி செய்வதற்கு அவன் செய்ததை நல்லூரிற் சைக்கிள் திருத்தும் எக்கடையிலும் நாள்தோறும் காணலாம். ரியூபிற் காற்றடித்து நீர்ப்பாத்திரத்தில் அமிழ்த்திக் குமிழி பார்க்கின்றோமே, அதுவே இது. இயந்திரத்தைக் கழற்றிக் குளிர்ந்தபின், காபரேற்றர் வாயையும் புகைவாயையும் றப்பர்த் துண்டுகளால் அடைத்து, பிஸ்ரனைக் கீழெல்லையில் நிறுத்தி, பிளக் துவாரத்திற் குழாயொன்றைப் பொருத்தி மெதுவாகக் காற்றைச் செலுத்த வேண்டும். பிஸ்ரன் கீழே நிற்கும்போது சிலிண்டரும் கீழறையும் ஒன்றோடொன்று திறந்திருப்பதால், ஒரே காற்று இரண்டையும் சோதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 6 அல்லது 7 இறாத்தல் அமுக்கம் போதும். சைக்கிள் பம்பை ஆத்திரத்தோடு அடித்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். நீரில் அமிழ்த்தாமற் சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு பொருத்திலும் பூசுவதே நன்று. சீல்களைப் பார்க்கக் கிளச்சையும் பாரச் சில்லையும் கழற்றத்தான் வேண்டும். அம்மாணவன் நுரை பூசிய கணத்திற் கிளச்சுப் பக்கத்துச் சீலின் உதட்டில் மீன்முட்டை போலக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. இரண்டு ஆண்டு உலர்ந்து கிடந்த றப்பர் இறுகிப் போயிருந்தது.

காபரேற்றர்க் கட்டைக்கு வேறொரு வழி. இயந்திரம் மெதுவாக ஓடும்போது அப்பொருத்தைச் சுற்றித் தடித்த எண்ணெயைச் சிறு தூரிகையாற் பூசிப் பார்க்கலாம். காற்று நுழையும் துவாரத்தை எண்ணெய் ஒரு கணம் அடைக்கும். அக்கணத்தில் ஓசை மாறும். சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பர். சூடான சைலன்சருக்கு அருகே அதைச் செய்ய மாணவர் எவரும் துணியாதிருப்பாராக.

உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது என்னும் கவலைக்கும் இடமில்லை. 23, 26 கன சென்ரிமீற்றர் அளவில் இத்தகைய இயந்திரங்களைச் செய்து புகழ்பெற்ற ஜப்பானிய செனோவா நிறுவனம் புல்வெட்டும் இயந்திரங்களையும் செய்துவந்த நிறுவனமாகும். வேலியோரத்துப் புல்லைச் சீவுவதற்குத் தோளில் மாட்டிச் செல்லும் பொறிக்கும் பிள்ளையின் பாரவண்டிக்கும் வயிற்றுக்குள்ளே வேற்றுமை சிறிதே. சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. அம்மூன்றும் ஒத்தால் அது எவ்வியந்திரத்துக்கென்று விற்கப்பட்டாலும் அளவிற் பொருந்தும். பெற்றோலையும் வேகத்தையும் தாங்கும் வகையினதா என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டறிக. நம் மாணவனுக்கு யாழ்ப்பாண நகரத்திலே புல்வெட்டி திருத்தும் கடையில் அது கிடைத்தது. பக்கிங்கைத் தடித்த பக்கிங் காகிதத்தில் வெட்டிக்கொள்ளும் கைவினைஞர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். விளிம்பின்மேற் காகிதத்தை வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே அளவான பக்கிங்கை எடுத்துவிடும் அவர்களின் கைத்திறனை மாணவர் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். ஒழுகும் இடத்தின் வெளிப்புறத்திற் பசையை அப்பிவிடுவது மாத்திரம் வேண்டா. அது சாட்சியின் வாயை அடைக்குமேயன்றிக் காற்றின் வழியை அடைக்காது.

இவற்றினும் சிறிய, மெதனோலில் ஓடும் வண்டிகளும் உண்டு. அவற்றின் இயந்திரம் 3 கன சென்ரிமீற்றர் அளவினது. பெற்றோல் ஊற்றினால் ஓடாது. சூடேறிய பிளற்றினக் கம்பியே அங்கே தீமூட்டுவது. அதற்கு மெதனோல்தான் வேண்டும். அவ்வெரிபொருளிற் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதால் ஓடிய இடமெல்லாம் ஒருவகை இனிய மணம் வீசும். முதலாம் உலகப் போரிலே விமானங்களின் சுழலும் இயந்திரங்களுக்கும் இதே ஆமணக்கெண்ணெயையே இட்டனர். அதன் ஆவியைச் சுவாசித்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டை, வீட்டில் ஆமணக்கெண்ணெய் குடிக்கப்பெற்ற பிள்ளைகளுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இச்சிற்றியந்திரங்களிற் சுழல்தண்டின் முன்வாயில் றப்பர்ச் சீல் பெரும்பாலும் இராது. ஆதலின் அங்கே சிறிது கசிவும் சில குமிழிகளும் இயல்பே. தலைப்பகுதியிலும் பின்மூடியிலும் காபரேற்றர்க் கழுத்திலும் கண்டால் மாத்திரம் கவலைப்படுக. மெதனோல் கொடிய நஞ்சு. அதன் சுவாலை பகலிற் கண்ணுக்குத் தெரியாது. இவ்வியந்திரத்தைச் சோதிக்கும்போது வாயால் ஊதுதல் கூடவே கூடாது. றப்பர்க் குமிழொன்றைப் பயன்படுத்துக. விமானத்திற் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர இயலாத எரிபொருள் இது என்பதையும், பரிசு வாங்க எண்ணும் மாமன்மார் முன்னரே நினைவிற் கொள்வது நலம்.

தூரிகையாற் கழுவிய அழுக்கெண்ணெயை என்ன செய்வது? சிறிது என்று வேலியோரத்தில் ஊற்றுவது நம்மவர் வழக்கம். குடாநாட்டிலே நமக்கு வற்றாத ஆறில்லை. மண்ணுக்குக் கீழேயிருக்கும் சுண்ணக்கல்லின் பிளவுகளில் தேங்கிய மழைநீரையே கிணற்றிலிருந்து அள்ளிக் குடிக்கின்றோம். மேலே ஊற்றியது அப்பிளவுகளின் வழியே இறங்கத் தடையேதுமில்லை. நல்லூருக்கு வடக்கே சுன்னாகத்து மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த வழக்கிலே, உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அங்கே ஊறியது பெரும் இயந்திரங்களின் எண்ணெய். எனினும், சுண்ணக்கல் பெரியது சிறியது பார்ப்பதில்லை.

நாம் கூறிய மாணவனின் தட்டிலே சேர்ந்தது இரண்டு போத்தல் அளவு. பழைய பிஸ்கற் தகரத்தின் மூடியிலே கசிவு இருந்தமையால் அதனை விடுத்து, திருகு மூடியுள்ள பிளாஸ்ரிக் கலனொன்றில் ஊற்றி, கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜ் ஒன்றுக்குச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். புதிய சீல் ஏறிய வண்டி மறுநாள் ஓடிற்று. விசையை விட்டவுடன் ஓசை தாழ்ந்தது. வெண்பவுடர் வெண்பவுடராகவே இருந்தது. சைலன்சரின் வாயில் மாத்திரம் வழக்கம்போல ஒரு கறுப்புத் துளி.